நான் வீட்டில் இருந்த பத்து மாதங்கள்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் ஆந்திர எல்லையோர நாகலாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நர்சரி சேர்க்கப் போனோம். நான், என் கணவர், குழந்தை மூன்று பேரும். பள்ளியை நடத்தும் அம்மாள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தையிடம் தெலுங்கில் பெயர் கேட்டார். பிறகு இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் கேட்டுக் காட்டினேன். குழந்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்ததால் கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

“ஜாபா?”

“ஆமாங்க. வரதய்யபாளையம் பக்கம், போன் கம்பெனி.”

“அதேனம்மா சமஸ்ய,” என்றார். அதுதான் பிரச்சினை என்று. தாய் வீட்டில் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும் என்று என்னிடம் கேட்காமல் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தப்பு செய்த பையன் மாதிரி தலையாட்டினார். பேச்சு வந்த பிறகு கொண்டு வாருங்கள் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. இப்படிப்பட்ட பதில்கள் எல்லாம் எனக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் வரும்.

என் மகளிடம் அப்போது நான்கைந்து சொற்கள்தான் இருந்தன. “ம்மா”, “தா” என்று பாதி வெந்த சொற்கள். மற்றதெல்லாம் விரல் நீட்டல், இழுத்துப்போதல், கத்தல். ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. பால் ஊற்ற வருகிறவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரிக்குத் தெரிந்திருந்தது. அவள் தன் மூன்று பிள்ளைகளையும் கழனி வரப்பில் போட்டுவிட்டு நாள் முழுக்கக் களை பறித்தவள்தான். ஆனால் அது வேலை இல்லையாம். சட்டை மாட்டிக்கொண்டு, அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போனால்தான் வேலை. அதுதான் பிள்ளையின் நாக்கைக் கட்டிப்போடுகிற வேலை.

எங்கள் வீட்டில் நான்கு பேர். என் கணவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. அவர் அப்பா காலத்தில் அரசு பட்டா கொடுத்த நிலம். அதில் வேர்க்கடலை. மாங்காய்க் காலத்தில் தோப்புகளுக்குக் கூலிக்குப் போவார். அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குழந்தை இல்லை என்று கணவர் வீட்டில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர். வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. என் மகளை ஐந்தாம் மாதத்திலிருந்து வளர்த்தவர் அவர்தான்.

நன்றாக வளர்த்தார். அதை இப்போது எழுத முடிகிறது. அப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தை கண்ணைத் திருப்பினால் தண்ணீர் வரும். தலையைச் சொறிந்தால் மடி வரும். வாயைத் திறந்து கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. நான் ஷிப்டு முடிந்து வரும்போது இரண்டு பேரும் முற்றத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் தூக்கினால் அவள் உடம்பை வில் மாதிரி வளைத்துக்கொண்டு அவரிடம் தாவுவாள். “கம்பெனி வாசனை அடிக்குது போல,” என்பார் அண்ணி. சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் வேலை பிடித்திருந்தது. வீட்டுக் கஷ்டத்துக்காகப் போகிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன், அப்படிச் சொன்னால்தான் மன்னிப்பார்கள் என்பதால். உண்மையில் விடியும் முன்பு கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது, அதில் இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டில் உட்காரும்போது, யாரோ என் தலையிலிருந்து கூடையை இறக்கி வைத்தது மாதிரி இருக்கும். தொப்பி, கோட்டு, முகத்தில் மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே தெரியும். லைனில் பேசக் கூடாது. எட்டு மணி நேரம் போனுக்குள் நூல் மாதிரி ஒரு பட்டையைச் செருகுவேன். என் கை தப்பவே தப்பாது. மூன்றாவது வருஷம் லைன் லீடர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே இருபது பெண்கள். என் வாழ்க்கையில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட இருபது பேர் அவர்கள்தான்.

பள்ளியிலிருந்து திரும்பிய அன்று மாலை என் கணவர் சாப்பிட உட்காரவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

“போதும்மே. வூட்ல இரு.”

“நான் இருந்தா அவ பேசிடுவாளா?”

“எல்லாரும் அதான் சொல்றாங்கோ. அந்த ஸ்கூலம்மா படிச்சவங்க. அவுங்களுக்குத் தெரியாதா?”

“நீ வூட்ல இரேன். கடல புடுங்கி முடிச்சா உனுக்கு இன்னா வேலை? நீ பேசு அவகிட்ட.”

அவர் என்னை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று சொன்னார். “பெத்ததோட சரின்னு நெனச்சிக்கினியா?”

அண்ணி குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. என் பக்கம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குழந்தை தன்னிடம் இருப்பதால் எந்தக் குறையும் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் பல மாதம் மறக்கவில்லை.

வேலையை விட்டேன். கம்பெனி ஆபீஸில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி காரணம் கேட்டாள். குழந்தை என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டாள். எனக்கு முன்னால் நின்றவளும் அதையேதான் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அண்ணி ஒரு காரியம் செய்தார். “நீ வூட்ல இருக்கசொல்ல எனுக்கு இங்க இன்னா வேலை? நான் போறன்,” என்றார். எட்டாவது படித்தவர், முப்பத்தெட்டு வயது. வயதைப் பார்க்காத ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்து, கார்களுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் சேர்ந்தார். எங்கள் கம்பெனிக்கு இரண்டு கேட் தள்ளி. ஒரே பஸ். முதல் நாள் நான் வாசலில் நின்று பார்த்தேன். இடதுபக்கம் மூன்றாவது ஜன்னலில்தான் உட்கார்ந்தார். அது காலியாக இருந்தது, உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் அதை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டேன்.

அண்ணி போன பிறகு நானும் என் மகளும் தனியாக இருந்தோம். அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழுப் பகல் தனியாக இருந்ததே இல்லை.

நான் வேலைக்குப் பழகியவள். இதையும் வேலை மாதிரியே ஆரம்பித்தேன். புத்தூர் போய் எழுத்துப் படம், பழங்கள் படம், விலங்குகள் படம் வாங்கி வந்து சுவரில் ஒட்டினேன். போனைப் பூட்டி வைத்தேன். காலை ஒன்பது மணிக்குப் பாடம். “இது இன்னா? ஆப்பிள். சொல்லு, ஆப்பிள்.” அவள் என்னைப் பார்ப்பாள். முகத்தையே பார்ப்பாள். நான் படத்தைக் காட்டுவதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பினால் அவளும் வேறு பக்கம் திரும்பிவிடுவாள். நான் அவள் மோவாயைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவள் பின்னால் இருந்து சொல்லிக் கொடுத்தேன். வாரக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல் வரவில்லை. இருந்த நான்கைந்தும் குறைந்தன.

முதல் அடி எப்போது விழுந்தது என்று ஞாபகம் இல்லை. தொடையில் ஒரு கிள்ளு, கன்னத்தில் ஒரு தட்டு என்று தொடங்கியது. என் கைக்குக் கீழே இருந்த இருபது பேரை இழந்த கோபத்தை மூன்று வயதுக் குழந்தை மேல் காட்டினேன். அவள் கடிக்க ஆரம்பித்தாள். படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மாலை நான்கு மணிக்கு பஸ் வரும் நேரம் வாசலில் போய் நின்றுகொள்வாள். அண்ணி இறங்கினால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள்.

ஊரோ திருப்தியாக இருந்தது. “இப்பதான் வூடு வூடா கீது,” என்று பக்கத்து நிலத்துக்காரி சொன்னாள். அவள் சொன்னபோது என் மகள் உள்ளே கதவுக்குப் பின்னால் விசும்பிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

எட்டாவது மாதம் அது நடந்தது. கடலைக்குத் தண்ணீர் கட்ட என் கணவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மேல் கழனிக்குப் போயிருந்தார். நான் கீழே துணி அலசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் குழந்தை வரப்பு மேல் நடந்துபோகிறாள், கிணற்றை நோக்கி. எங்கள் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பெயர் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். ஒரு தரம் நின்று குனிந்து ஏதோ பூவைப் பிடுங்கினாள், மறுபடி நடந்தாள். நான் ஓடினேன். விளிம்புக்கு நான்கு அடி இருக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையில் இருந்த பூவை நீட்டினாள்.

அந்தச் சிரிப்பை நான் திமிர் என்று நினைத்தேன். வீட்டுக்கு இழுத்து வந்து விளக்குமாற்றிலிருந்து குச்சியை உருவி அடித்தேன். “கூப்ட்டா திரும்ப மாட்ட? திரும்ப மாட்ட?” என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. என் கை ஓயும்வரை அடித்தேன்.

மாலை அண்ணி வந்தார். குழந்தையின் கெண்டைக்காலில் தடித்திருந்த கோடுகளைப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை அப்படியே கீழே போட்டார்.

“நீயெல்லாம் ஒரு பொம்பளையாமே? பச்சப் புள்ளைய இப்பிடியா அடிப்பாங்கோ?”

“பெத்தவ நானு. உனுக்கு இன்னா தெரியும்?”

குழந்தை இல்லாதவரிடம் அதைச் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன். நல்ல இடமாகப் பார்த்துக் குத்தினேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் நகரவில்லை.

“இன்னா பண்ணா அவ?”

“கெணத்தாண்ட போய்க்கினு இருந்தா. தொண்ட கிழியக் கூப்ட்டன். காதுல வாங்கினாதானே. வுழுந்து செத்திருப்பா.”

அண்ணி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். “எங்க இருந்து கூப்ட்ட?”

“பின்னால இருந்து.”

“மோட்டர் ஓடிக்கினு இருந்துச்சா?”

“ஓடுச்சி. அதுக்கு இன்னா இப்போ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “எங்க ஷெட்ல ஒரே சத்தம்,” என்றார். “காதுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சிக்கினுதான் நிக்கணும். எவ இன்னா சொன்னாலும் கேக்காது. வாயப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும். மொத மாசம் எனுக்கு வரல. இப்ப சூப்பர்வைசர் ஷெட்டுக்கு அந்தக் கோடில நின்னுக்கினு வாயசைச்சாக்கூடத் தெரிஞ்சிடுது. நாலு மாசமா நான் ஒண்ணு பாத்துக்கினு வர்றன். இவளும் எங்கள மாதிரிதான் வாயப் பாக்கறா.”

“இன்னா ஒளர்ற? பட்டாசு வெடிச்சா அழறா. பஸ் ஆரன் அடிச்சா ஓடறா.”

அவர் எழுந்து உள்ளே போய்க் கடலை உருண்டை டப்பாவை எடுத்து வந்தார். குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், “கண்ணு, உருண்ட துன்றியா?” என்று கேட்டார். குழந்தை தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டார். திரும்பவில்லை. பிறகு டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். இந்த முறை குரலே இல்லை. உதட்டை மட்டும் அசைத்தார். உருண்ட துன்றியா?

என் மகள் கையை நீட்டினாள்.

அந்த நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஐயோ என் குழந்தை என்று முதலில் நினைக்கவில்லை. இவள் ஏன் கண்டுபிடித்தாள் என்று நினைத்தேன். எட்டு மாதம் வேலையை விட்டுவிட்டுக் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். நாள் முழுக்கத் தகட்டுக்கு நடுவே நின்றுவிட்டு வருகிற இவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அண்ணி மேல் எனக்கு அதுவரை இருந்தது பொறாமை. அன்றிலிருந்து கொஞ்ச காலம் அது வெறுப்பாகவே இருந்தது. அந்த வெறுப்பு இருந்ததால்தான் அன்று இரண்டு அடி தள்ளிக் கிடந்த விளக்குமாற்றைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

திருப்பதிக்கு நாங்கள் இரண்டு பேரும் குழந்தையோடு போனோம். தோப்பில் மாங்காய் பறிப்பு, வர முடியாது என்றுவிட்டார் என் கணவர். அண்ணி ஒரு நாள் லீவு போட்டார். புத்தூரில் பஸ் மாறினோம். மூன்று மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது, “தண்ணி இருக்குதா?” “இருக்குது.” அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் பெண் இளம்வயது. நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அவளும் தமிழில் பேசினாள். கங்காதர நெல்லூர்ப் பக்கம் என்றாள். பெரிய பெட்டி மாதிரி ஓர் அறை, ஒரு பக்கம் கண்ணாடி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர்தான் உள்ளே உட்காரலாம். “அம்மா வாங்க,” என்றாள். நான் தூக்கினேன். குழந்தை என் தோளைக் கடித்தாள். அடிக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அண்ணி உள்ளே போய் உட்கார்ந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சத்தம் வைக்க வைக்க என் மகள் அண்ணியின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்த பிறகு, ஒரு தரம் தலையைத் தூக்கினாள்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, தூங்க வைத்து, இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். மாலைக்குள் சொல்லிவிட்டாள். இரண்டு காதிலும் குறை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

“சத்தம் கேக்கும், பேச்சு கேக்காது,” என்றாள். “பக்கத்து ரூம்ல யாரோ பேசற மாதிரிதான் இவளுக்கு எல்லாரும். யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான்,” என்றேன்.

அண்ணி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. பிறகு அடுத்த பொத்தானைப் போட்டது.

“நல்ல வேளை,” என்றாள் அந்தப் பெண் என்னிடம். “நிறைய அம்மாங்க சேட்டைன்னு நெனச்சி அடிச்சிட்டுதான் இருப்பாங்க.” பிறகு ஒரு தாளை எடுத்துக் கேள்விகள் கேட்டாள். அதில் ஒன்று, வேலைக்குப் போகிறீர்களா. எனக்கு உடம்பெல்லாம் முள் முளைத்தது.

“போய்க்கினு இருந்தேன். வுட்டுட்டேன். இதுக்காகத்தான் வுட்டேன். போதுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் விட்டீங்க? காதுக்கு மிஷின் வெச்ச அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் முகத்துக்கு நேரா உக்காந்து பேசணும். அதுக்குத்தான் ஆள் வேணும். நீங்களே இருக்கணும்னு இல்ல, யாரா இருந்தாலும் சரி. மீதி நேரம் நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்கு வேண்டியதில்ல. பயணத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும், அடிக்கடி வர முடியுமான்னு பாக்கத்தான் இந்தக் கேள்வி.”

அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்ட யாரும் இவ்வளவு சின்னக் காரணத்துக்காகக் கேட்டதில்லை.

காதில் மாட்டும் மிஷின் வர இரண்டு மாதம் ஆனது. மாட்டிய முதல் வாரம் பிடுங்கி எறிந்தாள். ஒன்றை எருமைத் தொட்டியிலிருந்து எடுத்தோம். பத்தாவது நாள் அடுப்படியில் நான் தாளித்தபோது கடுகு வெடித்த சத்தத்துக்கு எழுந்து வந்து வாணலியை எட்டிப் பார்த்தாள். கடுகு வெடித்தால் சத்தம் வரும் என்பது அவளுக்குக் கிட்டத்தட்ட நான்கு வயதில்தான் தெரிந்தது. நான் மறுபடி மறுபடி தாளித்தேன். அன்று குழம்பு தின்ன முடியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டில் மறுபடி சண்டை வந்தது. நான் என் கணவரிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு யாரா இருந்தாலும் சரின்னு சொல்லிக்கீறா. சாயங்காலம் நீ உக்காரு.”

“எனுக்கு இன்னா பேசத் தெரியும் கொழந்தகிட்ட?”

“எனுக்குத் தெரியும்னு யாரு சொன்னது? எட்டு மாசம் எப்பிடிப் பேசினேன்னு அவ காலப் பாரு. நான் கம்பெனிக்குத் திரும்பிப் போறன். நீ பேசலன்னா அவளுக்குப் பேச்சு வராது. அப்ப ஊர்ல உன்னக் கேக்கட்டும்.”

அண்ணி உள்ளே இருந்து முதல் தடவையாக ஒன்று சொன்னார். “உக்காருடா. ஒண்ணியும் கொறஞ்சிட மாட்ட.”

அவர் உட்கார்ந்தார். வாயில்லாத மனிதர், என்ன பேசுவது என்று தெரியாமல் கடலைச் செடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வேர், காய், மண், புழு என்று சொல்லிக் கொடுத்தார். முதலில் வந்த தெளிவான சொல் “புழு”. இரண்டாவது “நைனா”. அத்தை என்று சொல்ல வேண்டியவரை என் மகள் “அண்ணி” என்று கூப்பிட்டாள், நான் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு. என்னை “மே” என்று கூப்பிட்டாள். அப்பாவும் அத்தையும் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். “மே, தண்ணி.” “மே, வா.” எல்லாரும் சிரித்தார்கள். திருத்தப் போனார் என் கணவர். வேண்டாம் என்றேன். அவள் காதால் கேட்டு எடுத்துக்கொண்ட சொல் அது.

நான் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். பத்து மாதம் ஆகியிருந்தது. லைன் லீடர் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். எனக்குக் கீழே வேலை செய்தவள். அவள் சொன்ன இடத்தில் நின்று மறுபடி பட்டை செருகினேன்.

அடுத்த தை மாதம் என் கணவரின் பெரியம்மா ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். சாப்பிட்டுக் கைகழுவிய பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டு, பாதி புரிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். பெரியம்மா என் கன்னத்தைத் தடவினார்.

“பாத்தியா, பத்து மாசம் வூட்ல இருந்த, கொழந்தைக்குப் பேச்சு வந்துடுச்சி. தாயி பக்கத்துல இருந்தா அது தனிதான்மா. மறுபடியும் எதுக்குப் போற?”

அக்கம்பக்கத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அதுவரை இந்த மாதிரி பேச்சுக்குச் சிரித்துவிட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்தேன். அன்று எழவில்லை.

“வூட்ல இருந்த பத்து மாசத்துல எட்டு மாசம் நான் இவள அடிச்சேன் பெரிமா,” என்றேன். “காது கேக்காத புள்ளைய, கேக்கலன்னு அடிச்சேன். நீங்க எல்லாம் சொன்னீங்கன்னு வூட்ல உக்காந்தேன். உக்காந்து அதான் பண்ணேன்.”

பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார். யாரோ ஒருத்தி எழுந்து வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். வீட்டுப் புதுமனையில் பேசுகிற பேச்சா இது என்று பின்னால் என் கணவரிடம் குறைப்பட்டார்களாம். இருக்கலாம். அவர்கள் பேசியதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் அங்கும் பாதிதான் சொன்னேன். கண்டுபிடித்தது அண்ணிதான் என்று சொல்லவில்லை. அண்ணி சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பதியில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை. பஸ்ஸில் ஒரே ஷிப்டு வரும் நாட்களில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதுகிறேன். தெலுங்கில் படித்தவர் அவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படிக்கவா போகிறார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மகளுக்கு இப்போது ஆறு வயது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறோம். ‘ச’ இன்னும் சரியாக வராது. தெலுங்கும் தமிழும் கலந்து அடிக்கிறாள். நானும் அண்ணியும் ஷிப்டு மாற்றி வாங்கிக்கொள்கிறோம், யாராவது ஒருவர் மாலையில் இருக்கிற மாதிரி. இரண்டு பேரும் மாலை ஷிப்டில் நிற்கிற வாரங்களில் என் கணவர் பார்த்துக்கொள்கிறார். அவர் பார்த்துக்கொண்டால் ஊரில் மெச்சுகிறார்கள். அது தனி எரிச்சல்.

சென்ற வாரம் மிஷினுக்கு பேட்டரி மாற்றாமல் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். மாலை அண்ணி பிடித்துக்கொண்டார்.

“காலையில பாத்து அனுப்ப மாட்டியா? நாள் பூரா செவுடா உக்காந்துக்கினு இருந்திருக்குது புள்ள.”

“நேத்து நீதான் பாத்துக்கினு இருந்த. நீ மாத்தியிருக்கலாம்ல?”

“நான் மாத்தணும்னா பேட்டரி டப்பாவ எங்க வெச்சன்னு சொல்லிட்டுப் போவணும்.”

“எப்பவும் வெக்கற எடத்துலதான் கீது.”

அங்கே இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், என் கம்பெனிப் பைக்குள். தேடிக்கொண்டே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தோம். என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து, நிமிர்ந்து, எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.